நடைக்குழுவின் ஆண்டறிக்கை: ஸ்டெடிண்ட் பயணமும் அடுத்த ஆண்டுக்கான கோரிக்கையும்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நிர்வாகக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஞாயிற்றுக்கிழமை நடைகளும் வழமைபோல நடந்தன, குளிர்கால இருட்டு நாட்களில் மட்டும் வருகை குறைந்தது. ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஓகஸ்ட் மாத ஸ்டெடிண்ட் மலைப் பயணத்துக்கே ஒதுக்குகிறேன். இந்த ஆண்டு நாம் அதிகம் கதைத்ததும், கொஞ்சம் வாக்குவாதப்பட்டதும் அதைப் பற்றித்தான்.

வடநோர்வேயில் கனகாலமாக வாழ்ந்தும், நம்மில் பலருக்கு ஸ்டெடிண்ட் என்றால் காரை ஓரமாக நிறுத்திப் படம் எடுத்ததோடு சரி. கடலில் இருந்து நேரே எழும் வழுவழுப்பான கருங்கல் மலை அது, உயரம் 1392 மீற்றர். 2002இல் நடந்த வாக்கெடுப்பில் நோர்வேயின் தேசிய மலையாகத் தெரிவானது. ஜெர்மானியரான பவுல் கூஸ்ஃபெல்ட் 1888இலும், டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் ஹால் 1889இலும், ஆங்கிலேயரான சிலிங்ஸ்பி 1904இலும் முயன்றும் உச்சியைத் தொட முடியவில்லை. 1910 யூலை 30ஆம் திகதி ஷெல்டெரூப், ரூபென்சன், ப்ரின் என்ற மூவரும்தான் முதலில் மேலே ஏறினார்கள். அவர்களில் ரூபென்சன் மூன்று வருடம் முந்தியே இமயமலையில் கப்ரு சிகரத்தை முயன்றவர். அப்படிப்பட்டவர்கள் ஏறிய மலை என்பதை இளைஞர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கயிறில்லாமல் நடந்து போகக்கூடிய எல்லை உச்சிக்கு முன்னால் 1314 மீற்றர் உயரத்தில் இருக்கும் சிறு முகடான ஹால் முன்முகடு. நம் குழுவின் இலக்கும் அதுதான் என்று புறப்படுமுன்பே தீர்மானித்திருந்தோம். வாகனத்தை நிறுத்தும் இடம் கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. அதனால் ஏறக்குறைய முழு உயரத்தையும் காலாலேயே ஏறியாக வேண்டும். ஆற்றை ஒட்டிய பேர்ச் மரக்காட்டிலேயே பாதை செங்குத்தாகத் தொடங்கிவிடும். அப்புறம் ஸ்வார்ட்வத்னே ஏரி, அதன் பிறகு முழுவதும் கல்.

பயணத்துக்கு முந்திய வாரம் மலை ஒழுக்க விதிகள் ஒன்பதையும் சேர்ந்து வாசித்தோம். 1967 ஈஸ்டர் விடுமுறையில் 18 பேர் மலைகளில் இறந்த பிறகு நாடெங்கும் பரப்பப்பட்டு, 2016இல் திருத்தப்பட்ட விதிகள் அவை. காலத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது எட்டாவது விதி. உடுப்பு விடயத்திலும் கண்டிப்பாக இருந்தோம். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் மேலே காற்றில் உடம்பை விறைக்க வைத்துவிடும், ஆகவே கம்பளி உள்ளுடுப்பு இல்லாதவர்களை ஏற்றிச் செல்லவில்லை.

ஏரிக்கரையில் எல்லோரும் ரோல்ஸும் பிளேன் ரீயும் எடுத்துக்கொண்டு இருந்தபோது, எங்களில் மூத்தவரான அன்ரி ஒருவர் முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஏறிப்போடுவன், இறங்கத்தான் ஏலாது" என்றார். அவரோடு இன்னும் இருவர் கீழே திரும்பினார்கள். ஒருவரையும் தனியாக அனுப்பவில்லை. மற்றவர்கள் பெரிய கற்குவியல்களுக்கு மேலால், பல இடங்களில் கையையும் ஊன்றி, முன்முகட்டை அடைந்தோம். அங்கிருந்து பார்த்தால் முதுகு மாதிரி ஒடுங்கிய பாறை ஒரு பள்ளத்தில் இறங்கி, அதற்கு அப்பால் தட்டையான உச்சி தெரிகிறது. கயிறு கட்டிய இருவர் அந்தப் பக்கம் கடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பாறை விளிம்பைக் கையால் பற்றி, கால்களைச் சுவரில் பதித்து, பக்கவாட்டில் நகர்ந்தார். அவர் காலுக்குக் கீழே பிடிமானம் என்று எதுவும் இல்லை. நம்மில் ஒருவரும் கதைக்கவில்லை, பிளாஸ்கைத் திறந்தவர் கூட ஊற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

பயணத்துக்குப் பிறகு குழுவின் வாட்சப்பில், உச்சிக்குப் போகாத பயணம் ஒரு பயணமா என்று சிலர் எழுதியது எனக்கு மனவருத்தம். ஏரிவரை வந்தவர்களைப் படத்தில் சேர்க்காமல் விட்டதும் அப்படியே. இந்த அறிக்கையோடு இணைத்திருக்கும் பெயர்ப்பட்டியலில் எங்கே திரும்பினார்கள் என்ற குறிப்பு இல்லை. வந்த எல்லோரும் வந்தவர்களே.

அடுத்த ஆண்டு உச்சிக்கே போகவேண்டும் என்று ஐந்து இளைஞர்கள் எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். அவர்களின் ஆசை நியாயமானது, அதை நிர்வாகம் தடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் பிராட்கோர்ட் கையில் இருக்கிறது என்ற காரணம் மட்டும் போதாது. உள்ளரங்கில் கயிறு பிடிக்கத் தெரியும் என்பதற்கான அட்டை அது. வெளிப்பாறையில் கயிற்றைப் பிணைக்கும் நங்கூரம் போடவும், பிசகினால் கயிற்றில் இறங்கவும் தெரிய வேண்டும். எனவே வசந்தகாலத்தில் வெளிப்பாறைப் பயிற்சி, பிறகு தகுதி பெற்ற வழிகாட்டியோடு மட்டும் பயணம் என்ற இரண்டு நிபந்தனைகளைச் சபையின் முன் வைக்கிறேன். வழிகாட்டிக்கான செலவில் பாதியைச் சங்கம் ஏற்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அதே நாளில் மற்றவர்களுக்கு ஏரிவரை ஒரு நடை ஒழுங்கு செய்யப்படும். ரோல்ஸ் தன் பொறுப்பு என்று அன்ரி இப்போதே சொல்லிவிட்டார். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் தரலாம்.

நன்றி.

செயலாளர்