தொடக்கநிலை 5 பெற்றோருக்கு: ஒன்பது எல்லைகள் பற்றி

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

இந்தத் தவணை உங்கள் பிள்ளைகள் பூமி தாங்கக்கூடிய எல்லைகளைப் பற்றிப் படிக்கிறார்கள். வீட்டில் கேள்விகள் வரும். சிலர் பயந்துபோயும் வரலாம்.

2009ல் சுவீடன் நாட்டு அறிவியலாளர் யோஹான் ராக்ஸ்ட்ரோம் தலைமையில் அறிவியலாளர்கள் சேர்ந்து, பூமியை எந்த அளவுக்கு மாற்றினால் ஆபத்தில்லை என்று ஒன்பது வகையில் வரம்பு வகுத்தார்கள். பருவநிலை, உயிரினங்கள், காடு, நன்னீர், உரச்சத்து, கடலின் அமிலத்தன்மை, காற்றிலுள்ள தூசு, ஓசோன் படலம், பிளாஸ்டிக் போன்ற புதுப் பொருட்கள். 2023 கணக்கில் ஆறு வரம்புகளைத் தாண்டியிருந்தோம். 2025ல் கடலும் சேர்ந்து ஏழாகிவிட்டது. வரம்பு தாண்டிய மறுநாளே உலகம் அழிந்துவிடாது, ஆபத்து கூடிக்கொண்டே போகும். இதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

உரத்தைப் புரியவைப்பதுதான் சிரமம். வயலையே பார்க்காத பிள்ளைகள். ஆனால் சிங்கப்பூரில் நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அங்கே வயலில் கொட்டும் உரத்தில் பயிர் எடுத்ததுபோக மிச்சம் மழையோடு ஆற்றுக்குப் போகிறது. ஆற்றிலும் கடலிலும் பாசி மண்டுகிறது. அது செத்து அழுகும்போது தண்ணீரில் உயிர்வாயு குறைந்து மீன்கள் சாகின்றன. நம் தட்டுச் சோற்றுக்கான வரம்பு மீறல் வேறொருவர் ஊரில் நடக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவது குப்பைதான். அதை எரித்த சாம்பலைக் கொட்டும் செமாக்காவ் தீவுக் குப்பை நிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

விசிறியை அணைத்தால் பூமி பிழைத்துவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அணைக்கட்டும், நல்லதுதான், மின்கட்டணமாவது குறையும். அதைவிட ஓசோன் கதையைச் சொல்லுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் இருந்த வாயுக்கள் அந்தப் படலத்தை அரித்தன. 1987ல் மாண்ட்ரியலில் நாடுகள் ஒப்பந்தம் செய்து அவற்றைப் படிப்படியாக நிறுத்தின. படலம் இப்போது மெல்லத் தேறிவருகிறது. அரசாங்கங்கள் சேர்ந்து முடிவெடுத்தால் நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

சரி, உங்களிடம் கேட்பது இரண்டு. வீட்டிலுள்ள அரிசி, காய்கறி, கோழி, பால் எந்த நாட்டிலிருந்து வந்தன என்று பிள்ளையோடு பார்த்து எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். அப்புறம், பிறந்தநாளுக்கு வகுப்பில் கொடுக்கும் பைகளில் பிளாஸ்டிக் பொம்மைகள் வேண்டாம். முறுக்கு கொடுத்தாலே போதும், ஆசிரியர்களுக்கும் ஒன்று கிடைக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்