வாரன் மூன் பந்தெறிந்த ஊரிலிருந்து

எட்மன்டன், கனடா,
பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே குளிர் இன்னும் விடவில்லை. போன வாரம் மைனஸ் 30 டிகிரி வரை போயிற்று. எஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க இரவில் கார்களுக்கும் மின்சார ஒயர் செருகி வைக்கிறார்கள். முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது. இரவுப் பணி என்பதால் பகலில் தூங்குகிறேன்.

இந்த ஊரில் என்ன விளையாடுகிறார்கள் என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஐஸ் ஹாக்கியைப் பற்றி நீங்களே பேப்பரில் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது, பந்தைக் கையால் எறிந்தும் சுமந்து ஓடியும் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்தில், அணியை நடத்தும் குவார்ட்டர்பேக்காக இருந்த வாரன் மூனைப் பற்றி. எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர், தூக்கம் வராத இரவுகளில் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்ப்பார். போர்வை மாற்றப் போனால் என்னையும் நிறுத்தி வைத்து விளக்குவார். அவருக்கு மூன் இன்றும் ‘எங்கள் பையன்’தான்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்கு வரும். எதிரணியின் பெரிய உடம்புக்காரர்கள் அவனைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் தன் ஆட்களில் யார் எங்கே ஓடுகிறான், எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்து எறிய வேண்டும். வாலிபாலுக்கு, பந்தை ஏற்றிக் கொடுக்கும் செட்டரை நீங்கள் பொறுக்கும்போது உயரத்தைப் பார்க்க மாட்டீர்களே, கண்ணையும் புத்தியையும்தானே பார்ப்பீர்கள்! அதே கணக்குதான். அமெரிக்காவில் பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. கனடாவில் மூன்றே மூன்று. மைதானமும் பெரியது: 110 கெஜ நீளம், 65 கெஜ அகலம். பந்தைச் சுமந்து ஓடியே காலம் தள்ள முடியாது, எறிந்தாக வேண்டும். அதனால் நல்ல தோள் உள்ளவனுக்கு இங்கே எப்போதும் மதிப்பு உண்டு.

மூன் 1956-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். ஏழு வயதில் தகப்பனார் இறந்துவிட்டார். அம்மா பாட், என்னைப் போல நர்ஸ். அவர் ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடந்திருக்கிறது. ஆறு சகோதரிகளுக்கு நடுவில் ஒரே பையன். சமைக்கவும் தைக்கவும் துணி தேய்க்கவும் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டாராம். மற்ற மாதங்களில் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், பள்ளியில் ஒரே ஒரு விளையாட்டுதான் என்று முடிவு செய்து இந்த அமெரிக்கக் கால்பந்தை எடுத்திருக்கிறார். பாட் அம்மாவைப் பற்றித்தான் நான் அதிகம் நினைக்கிறேன். இரவுப் பணி முடித்து வந்து அடுப்பைப் பற்றவைப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது சொந்த மைதானத்திலேயே கூட்டம் அவரைக் கூச்சலிட்டு அவமதித்தது. கறுப்பின இளைஞன் அணியை நடத்துவது பலருக்கும் பொறுக்கவில்லை. 1978 ஜனவரியில், ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை 27-20 என்று வென்று, ஆட்ட நாயகனாகவும் ஆனார். அதன் பிறகாவது அமெரிக்க அணிகள் போட்டி போட்டு அழைத்திருக்க வேண்டும் அல்லவா? குவார்ட்டர்பேக்கை விட்டு அணியில் வேறு இடத்தில் விளையாட வருகிறாயா என்றுதான் கேட்டார்கள், அப்பா. ஓடலாம், பந்து பிடிக்கலாம், ஆனால் யோசித்து முடிவெடுக்கும் அந்த இடம் கறுப்பினத்தவருக்கு ஒத்துவராது என்பது அந்தக் கால நினைப்பு. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்த எத்தனையோ பேரை அப்படி இடம் மாற்றியிருக்கிறார்கள். மூன் மாட்டேன் என்றார். அமெரிக்க அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் வருவதற்கு முன்பே இந்த ஊர் எட்மன்டன் அணியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார். பன்னிரண்டு சுற்றுத் தேர்விலும் எந்த அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

1978 என்றதும் உங்களுக்கு வேறொன்று நினைவு வந்திருக்கும். ஆமாம், அதே ஆண்டு ஆகஸ்டில் காமன்வெல்த் போட்டி நடந்தது இந்த ஊரில்தான். 52 கிலோ பளுதூக்குதலில் நம் ஏகாம்பரம் கருணாகரன் தங்கம் வாங்கியதும், பிரகாஷ் படுகோன் பாட்மின்டனில் தங்கம் வாங்கியதும் இங்கேதான். அந்தப் போட்டிக்காகக் கட்டிய ஸ்டேடியத்தில்தான் மூன் விளையாடினார். ரயிலில் போகும்போது தினமும் அதைப் பார்க்கிறேன்.

வந்தவுடன் அவரைத் தலையில் தூக்கி வைக்கவில்லை. டாம் வில்கின்சன் என்ற மூத்தவரோடு பங்கிட்டுக்கொண்டுதான் ஆடினார். 1978 முதல் 1982 வரை ஐந்து ஆண்டும் தொடர்ந்து, கனடா லீக்கின் சாம்பியனுக்குக் கொடுக்கும் கிரே கோப்பை எட்மன்டனுக்கே. வேறெந்த அணியும் அப்படி ஐந்து வென்றதில்லை. 1982-இல் ஒரே பருவத்தில், எறிந்த பந்துகளால் அணியை மொத்தம் 5,000 கெஜம் முன்னேற்றினார், தொழில்முறை ஆட்டத்தில் அதுவரை யாரும் தொடாத அளவு. அடுத்த ஆண்டு 5,648. பெரியவர் இந்த எண்ணைச் சொல்லும்போது ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியாக உச்சரிப்பார். (அணியின் பழைய பெயர் இனூயிட் என்ற வடக்குப் பழங்குடி மக்களைப் புண்படுத்துவதாக இருந்ததால் 2021 முதல் எல்க்ஸ் என்று மாற்றிவிட்டார்கள். நல்ல காரியம்.)

அதற்குப் பிறகுதான் அமெரிக்க அணிகள் பணத்தோடு வந்து நின்றன. 1984-இல் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியில் சேர்ந்தார். 1990 டிசம்பரில் கான்சஸ் சிட்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 527 கெஜம். சறுக்கலும் உண்டு: 1993 ஜனவரியில் பஃபலோவுக்கு எதிராக 35-3 என்று முன்னிலையில் இருந்து, கூடுதல் நேரத்தில் 41-38 என்று தோற்றார்கள். அமெரிக்க லீக்கின் சூப்பர் பவுல் இறுதியாட்டத்துக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. மினசோட்டா, சியாட்டில், கான்சஸ் சிட்டி என்று நாற்பத்து நான்கு வயது வரை ஆடினார். 2006-இல் அமெரிக்காவில் சிறந்த வீரர்களுக்கான புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். அங்கே நுழைந்த முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் அவர். கனடாவின் புகழ்மண்டபத்தில் அதற்கு முன்பே, 2001-இல் இடம் கொடுத்திருந்தார்கள். அமெரிக்காவில் எறிந்தது மட்டும் 49,325 கெஜம். கனடாவில் எறிந்த 21,228 கெஜத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு அது ஒப்பவில்லை. அந்த ஆறு ஆண்டுகளை வேறு வழியில்லாமல் காத்திருந்த காலம் என்று எழுதுகிறார்கள். உறைந்த கையோடு பந்தெறிந்து கோப்பைகளை வென்ற காலம் அது. மூனை மூனாக்கியது இந்த ஊர் என்பேன்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். என் நர்ஸ் படிப்பை இங்கே ஒப்புக்கொள்ள இன்னும் நாளாகும் என்கிறார்கள். ஆலோசனை சொல்கிறவர்களும் உறவுக்காரர்களும், நர்ஸ் வேலையை மறந்துவிட்டு அலுவலகக் கணக்கு எழுதும் படிப்பில் சேர் என்கிறார்கள். அம்மாவும் அதையே சொன்னாள். நான் சேரப் போவதில்லை. இல்லத்து வேலையைப் பார்த்துக்கொண்டே பதிவுக்குத் திரும்ப விண்ணப்பித்திருக்கிறேன். அம்மாவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் கேட்பாள்.

ஒரு உதவி. நாகர்கோவிலில் என் கல்லூரிக்கு ஒருமுறை போய் வர முடியுமா? பாடத்திட்டமும் மதிப்பெண் பட்டியலும் அவர்களே உறையில் போட்டு முத்திரை வைத்து இங்கே நேராக அனுப்ப வேண்டும், நம் கையில் கொடுத்தால் செல்லாது. முகவரியைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். காலை பத்தரைக்குள் போனால் அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள்.

உங்கள் அன்பு மகள்