டோர் ரப்பருக்கு முன்னால் கீலைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலத்துக்கு முன் வண்டியில் கவனிக்க வேண்டியவை என்று நம் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். டயர், வைப்பர், பேட்டரி பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் கேபினுக்குள் தண்ணீர் வந்தால் டோர் ரப்பரை, அதாவது கதவு வாசலைச் சுற்றி மாட்டியிருக்கிற ரப்பர் பட்டையை, மாற்றிவிட வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பாலக்காடு பக்கம் காய்கறி ஏற்றிப் போகிற பழைய பிக்கப் என்னுடையது. ஜூனில் கேரளாவில் பிடிக்கிற மழை அக்டோபரில் நம் பக்கம் வந்து டிசம்பர் வரை விடாது, ஆக வருஷத்தில் பாதி நனைகிற வண்டி. இந்த மாதிரி வண்டிகளில் புது ரப்பர் போட்டும் ஒழுகுவது சர்வ சாதாரணம், ஏனென்றால் தண்ணீர் வருகிற வழியே வேறு.

கதவைப் பாதி திறந்து பூட்டு இருக்கிற ஓரத்தைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீலின் அச்சாக இருக்கிற பின்னும் அதைச் சுற்றியிருக்கிற புஷ் என்ற குழலும் தேய்ந்து கதவு தொங்கிப்போயிருக்கிறது. அப்போது பின்பக்க மேல்மூலையில் இடைவெளி விழும், அங்கே எந்த ரப்பரைப் போட்டாலும் கதவு போய் அதை அமுக்காது. புஷ் மாற்றுவது பெரிய செலவில்லை, ஆனால் ரப்பர் போட்ட பிறகு அதைச் செய்தால் எல்லா அளவும் மாறி மறுபடி முதலிலிருந்து வேலை. ரப்பர் அமுங்குகிறதா என்று பார்க்க ஒரு காகிதத்தை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். எந்த இடத்தில் சும்மா வழுக்கிக்கொண்டு வருகிறதோ அதுதான் ஓட்டை.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. கண்ணாடி இறங்குகிற இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போவது குறையே இல்லை, வடிவமைப்பே அப்படித்தான். உள்ளே இறங்கிய தண்ணீர் கதவின் அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வெளியே வடிந்துவிடும். கதவின் உள்பக்க மூடியான டோர் ட்ரிம்முக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற பாலித்தீன் தாள், அந்தத் தண்ணீர் கேபின் பக்கம் வராமல் தடுக்கும். கண்ணாடியை ஏற்றி இறக்குகிற மிஷின் ரிப்பேருக்குக் கதவைப் பிரிக்கிறவர்கள் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ட்ரிம்மை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் காலடியில் ஈரம், பழி ரப்பர் மேல். அடி ஓட்டைகளோ மண் அடைத்துக் கிடக்கும். தூசி வருகிறது என்று அதைச் சிலிகான் வைத்து அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள், கதவை உள்ளிருந்தே அரித்துத் தின்ன விடுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது!

இதெல்லாம் பார்த்த பிறகும் ரப்பர்தான் வெடித்தோ சப்பையாகியோ இருக்கிறது என்றால் மாற்றுங்கள். சென்னை ஜி.பி. ரோட்டிலும் சரி, நம் ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் சரி, பீடிங் என்று இந்த ரப்பரை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வண்டி பெயரைச் சொல்லி வாங்காமல் பழைய ரப்பரில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போய், உருண்டையான பகுதியின் உயரத்தையும் தகட்டைக் கவ்வுகிற வாயின் அகலத்தையும் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. உருண்டை பெரிதானால் கதவை ஓங்கி அறைய வேண்டும், சிறிதானால் ஓட்டும்போது விசில் அடிக்கும்.

பழையதைப் பிடுங்கினால் கீழே தகடு துருவேறி இருக்கும், அனேகமாகப் படிப்பக்கத்து மூலைகளில். அதன் மேலேயே புதுசை அழுத்தினால் பிடிமானம் இராது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துருவைத் தடுக்கிற ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, மேலே பெயின்ட்டும் அடித்து நன்றாகக் காயவிட வேண்டும், இந்த வேலையில் பாதி நேரம் இதற்கே போகும். மாட்டும்போது ரப்பரை இழுக்கவே கூடாது. இழுத்து மாட்டினது சில நாளில் சுருங்கி மூலைகளில் விலகி நிற்கும். மூலைகளில் கொஞ்சம் தாராளமாகவே உள்ளே தள்ளிக் கொடுங்கள், இணைப்பு கீழே படிப்பக்கம் வரட்டும், ஒரு விரற்கடை கூடுதலாக வெட்டி அமுக்கிச் சேருங்கள். புதுசு படிகிற வரை கதவு இறுக்கமாகத்தான் பூட்டும். அதற்காக அவசரப்பட்டு கதவின் பூட்டு வந்து மாட்டுகிற லாக் ஸ்டிரைக்கரை நகர்த்தினால், ரப்பர் படிந்ததும் கதவு லொடலொடக்கும்.

பளபளப்புக்காக டீசல் துணியால் துடைக்கிற பழக்கத்தையும் விட வேண்டும். நல்ல டோர் ரப்பர் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரில் செய்வது. அது வெயில் தாங்கும், மழை தாங்கும், எண்ணெய் மட்டும் ஆகவே ஆகாது, உப்பித் தளர்ந்துவிடும். சோப்புத் தண்ணீரும் எப்போதாவது கொஞ்சம் சிலிகான் ஸ்பிரேயும் போதும்.

கடைசியில் ஒருவரை உள்ளே உட்காரவைத்து, ஹோஸ் பைப்பைக் கீழிருந்து மெதுவாக மேலே கொண்டு போங்கள், எந்த உயரத்தில் ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். கதவில் எங்கேயும் வராமல் காலடி மட்டும் நனைகிறது என்றால் முன்கண்ணாடி ரப்பரைப் பாருங்கள், அங்கே நுழைகிற தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கிக் காலடியில்தான் வந்து நிற்கும்.

இப்படிக்கு,
பழைய பிக்கப் ஓட்டும் வாசகர்,
ஒட்டன்சத்திரம்