வாசலில் துணியோடு ஒருவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மரண தண்டனை பற்றி வந்த கட்டுரை, 'கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்பதுதான் யூத நீதி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. யூத வேதத்தில் அந்த வரி இருக்கிறது, சரி. ஆனால் ரபிகள், அதாவது யூத மத குருமார்கள், அதற்கு நஷ்டஈடு என்றே பொருள் கொண்டார்கள். காயத்துக்கு, வலிக்கு, வைத்தியத்துக்கு, கெட்டுப்போன வேலைக்கு, பட்ட அவமானத்துக்கு என்று தனித்தனிக் கணக்கு.

உயிர் என்றால் இன்னும் கவனம். கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னா என்ற சட்ட நூல் மரண தண்டனைக்குரிய வழக்கு விசாரணையைப் படிப்படியாகச் சொல்கிறது. முப்பது வருஷம் கோர்ட் குமாஸ்தாவாக இருந்தவன், அதனால் ஆசையாகப் படித்தேன். நீதிபதிகள் 23 பேர். விடுதலைக்கு ஒரு வாக்கு கூடுதலாக இருந்தால் போதும், தண்டனைக்கு இரண்டு வேண்டும். விடுதலையை அன்றே சொல்லலாம். தண்டனையை ஒரு ராத்திரி ஆறப்போட வேண்டும். 'ஓர் உயிரை அழித்தவன் ஓர் உலகத்தையே அழித்தவன்' என்று பலரும் மேற்கோள் காட்டுகிறோமே, அது சாட்சி சொல்ல வந்தவர்களுக்கு அங்கே கொடுக்கும் எச்சரிக்கை.

தீர்ப்புக்கு அப்புறமும் விடவில்லை. கைதியை அழைத்துப் போகும்போது மன்ற வாசலில் ஒருவர் கையில் துணியோடு நிற்பார். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் குதிரைமேல் இன்னொருவர். 'இவனுக்குச் சாதகமாக ஒரு வாதம் இருக்கிறது' என்று யாராவது சொன்னால் துணி ஆடும், குதிரைக்காரர் ஓடிப்போய்த் தடுப்பார். கைதியே பேச வேண்டும் என்றாலும், அதில் விஷயம் இருந்தால் நாலைந்து தடவைகூடத் திருப்பிக் கூட்டிவர வேண்டும். மனித உரிமை என்ற பேச்சே இல்லாத காலம் அது!

'நாங்கள் அந்த மன்றத்தில் இருந்திருந்தால் ஒருவரும் செத்திருக்க மாட்டார்கள்' என்றார்கள் ரபி தார்ஃபோனும் ரபி அகிவாவும். 'கொலைகாரர்கள்தான் பெருகியிருப்பார்கள்' என்று இன்னொரு ரபி வெடுக்கென்று பதில் சொன்னதையும் நூல் மறைக்கவில்லை.

அப்போது அதிகாரம் ரோமாபுரியிடம் இருந்தது, கையில் வாள் இல்லாதவன் கருணை பேசுவது சுலபம் என்பீர்கள். நியாயமான கேள்விதான். நாடு கிடைத்தபின் 1954இல் இஸ்ரேல் சாதாரணக் கொலைக்கு மரண தண்டனையை நீக்கியது. நாஜிக் குற்றங்களுக்கு வைத்துக்கொண்டது. 1962இல், யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்ல ஏற்பாடு செய்த நாஜி அதிகாரி ஐக்மனைத் தூக்கிலிட்டது. ஐக்மனைத் தூக்கிலிட வேண்டாம் என்று ஜனாதிபதியிடம் மன்றாடியவர்களில் ஒருவர், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத அறிஞர் மார்ட்டின் புபர். மனு தள்ளுபடியானது.

கட்டுரையின் அந்த 'யூத நீதி' வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

— ஓய்வுபெற்ற கோர்ட் ஊழியர், திருநெல்வேலி