மைக்க புடுங்குனதால எழுதுற நன்றி மடல்

போன மாசம் மதுரை செல்லூர்ல நம்ம தெரு ஆளுங்க சேந்து எனக்கு ஒரு பாராட்டு விழா வச்சாங்க, பொன்னாடை கேடயம் எல்லாம் குடுத்தாங்க, ஆனா நான் பேச எந்திரிக்கையில மணி ஒம்பதே முக்கால் ஆயிருச்சு, பின்னாடி பரோட்டா கொத்துற சத்தம் வேற, ரெண்டே நிமிஷத்துல மைக்க புடுங்கிட்டாங்க. தப்பில்ல, நானா இருந்தாலும் புடுங்கியிருப்பேன். ஆனா நன்றி சொல்ல வேண்டியவங்கள்ல ஒருத்தரக் கூட சொல்லாம இறங்குனது தொண்டைல முள்ளு மாதிரி நிக்குது, அதான் இத எழுதுறேன். பேர் போடாதன்னு பாதிப்பேர் சொல்லிட்டாங்க, அதனால அண்ணே, சார், அத்தைன்னுதான் வரும். யாருன்னு அவங்கவங்களுக்குத் தெரியும்.

முதல்ல ஒரு திருத்தம். மேடைல என்னைய "யூடியூப் வீடியோவ கண்டுபிடிச்ச நம்ம செல்லூர் தம்பி"ன்னு சொன்னாங்க. அய்யா சத்தியமா இல்ல. வீடியோவ சுருக்குறதுக்கு உலகத்துக்கே பொதுவா ஒரு விதி வேணும்ல, எந்த கம்பெனி போன்ல எடுத்தாலும் எந்த கம்பெனி டிவிலயும் ஓடணும்ல, அந்த விதியத்தான் ஸ்டாண்டர்டுங்கிறோம். எச்.264 வந்தது 2003ல, அடுத்தது எச்.265 2013ல, அதுக்கடுத்து எச்.266 2020ல. ஒவ்வொண்ணும் முந்தினதுல பாதி டேட்டாவுல அதே தரத்த குடுக்கணும்னு கிளம்புனது. பின்னாடி ரெண்டுலயும் நூத்துக்கணக்கான இன்ஜினியருங்க உக்காந்து சண்டை போட்டாங்க, அதுல நான் ஒரு ஆளு. எச்.265 புத்தகத்துல என் பங்கு எவ்வளவுன்னா தோராயமா ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரிக்குத்தான் பொன்னாடை.

ஏன் சுருக்கணும்னு சிலபேர் விழாவுல கேட்டாங்க. ஃபுல் எச்டில ஒரு படம், 1920க்கு 1080 புள்ளி, செகண்டுக்கு 25 ஃபிரேம் (ஒவ்வொண்ணும் ஒரு போட்டோ மாதிரி), சுருக்காம வச்சா ஒரு செகண்டுக்கே கிட்டத்தட்ட 78 எம்பி. ரெண்டரை மணி நேரப் படம் 700 ஜிபி போகும். உங்க டெய்லி ஒன்றரை ஜிபி பேக்ல முதல் இருபது செகண்டுதான் பாக்கலாம், கம்பெனி லோகோவே முடிஞ்சிருக்காது.

நன்றில முதல் ஆளு மேலமாசி வீதிக்கிட்ட கல்யாண வீடியோ கடை வச்சிருந்த அண்ணே. 2001ல நான் ட்ரிபிள் ஈ முடிச்சேன் (ரெண்டு மார்க்ல ஈசிஈ சீட் போச்சு, அந்த அழுகை தனிக்கதை). கேம்பஸ்ல எடுத்த கம்பெனி இந்தா கூப்பிடுறோம் அந்தா கூப்பிடுறோம்னு எட்டு மாசம் இழுத்துட்டு கூப்பிடவே இல்ல. வீட்ல முகத்தக் காட்ட வெக்கமா இருந்தப்ப அண்ணேதான் "சும்மா வாடா, கம்ப்யூட்டர் தெரியும்ல"ன்னு கூப்பிட்டு விசிடி போடுற வேலைய குடுத்தாரு. கேசட்ட கம்ப்யூட்டர்ல ஏத்தி எம்பெக் ஒண்ணுங்கிற பழைய ஸ்டாண்டர்டுல சுருக்கி சிடில எழுதணும், ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு இல்ல மூணு சிடி.

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவ அண்ணே ஷூட் பண்ணாரு. தங்கக் குதிரைல அழகர் வர்ற வரைக்கும் படம் பிரமாதமா இருக்கு. வைகைல இறங்குற நேரம், பக்தருங்க தோல் பையில இருந்து தண்ணிய பீச்சியடிப்பாங்க பாருங்க, அந்த எடத்துல வந்த உடனே படம் மொத்தமும் கட்டம் கட்டமா உடைஞ்சு போச்சு. அழகரக் காணோம், பச்சைப் பட்டு ஏதோ பச்சைப் பலகை மாதிரி நிக்குது. திரும்பத் திரும்ப போட்டுப் பாத்தேன், அதே எடத்துல உடையுது. அண்ணே திட்டவே இல்ல. "ஏன்னு கண்டுபிடி, அதுவரைக்கும் இந்த சிடிய விக்க மாட்டேன்"னாரு. விக்கவும் இல்ல, அவருக்கு நல்ல நஷ்டம்.

காரணம் அப்புறம்தான் புரிஞ்சது. வீடியோவ சுருக்குறதுல முக்கால்வாசி வித்தை, போன ஃபிரேம்ல இருந்தத இந்த ஃபிரேம்ல நகத்தி வச்சுக்கிறதுதான். தேர் நகந்தா தேர் இந்தப் பக்கம் இவ்வளவு நகந்துச்சுன்னு மட்டும் எழுதினா போதும், திரும்ப முழுத்தேரையும் எழுத வேணாம். ஆனா சிதறுற தண்ணிக்கு போன ஃபிரேம்ல ஜோடியே கிடையாது, ஒவ்வொரு துளியும் புதுசு, எல்லாத்தையும் முதல்ல இருந்து எழுதணும், விசிடிக்கோ செகண்டுக்கு 1150 கிலோபிட்தான் அனுமதி, பிட் தீந்து போச்சுன்னா முரட்டுத்தனமா ரவுண்டு பண்ணித்தான் ஆகணும், அப்ப கட்டம் தெரியத்தான் செய்யும். இருபது வருஷம் நான் பாத்த வேலை மொத்தமும் அந்தத் தண்ணிய சுத்தித்தான்.

ரெண்டாவது, காலேஜ்ல எங்களுக்கு சிக்னல்ஸ் எடுத்த சார். விசிடி பிரச்சினைய தூக்கிக்கிட்டு திருப்பரங்குன்றம் பஸ்ஸ புடிச்சு அவருகிட்டதான் ஓடினேன். டிசிடின்னு போர்டுல எழுதிட்டு என் மூஞ்சியப் பாத்து சாக்பீஸ கீழ வச்சுட்டாரு. "நீ காய்கறி மார்க்கெட் போவீல்ல? 1243 ரூபா ஆயிருக்கு, கடைக்காரன் என்ன சொல்றான்?" "மூணு ரூபாய விடுண்ணேம்பான் சார்." "அதான்டா. படத்துல ஒரு எட்டுக்கு எட்டு கட்டத்த எடுத்து அதுல ஆயிரம் எவ்வளவு நூறு எவ்வளவு சில்லறை எவ்வளவுன்னு பிரிக்கிறதுதான் டிசிடி. சில்லறைய விட்டுர்றதுதான் குவான்டைசேஷன். கண்ணுக்கு பெரிய நோட்டு மட்டும்தான் தெரியும்." இதுக்கு மேல யாரும் எனக்கு இத விளக்குனதில்ல. எம்.இ. படின்னு ஃபார்ம் வாங்கி நிரப்புனதும் அவருதான், நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

அந்த டிசிடிய குடுத்த மூணு பேருக்கும் இங்கயே ஒரு கும்பிடு போட்டுக்கிறேன், ஒருத்தரையும் நேர்ல பாத்ததில்ல. நசீர் அகமது பெங்களூர்ல பொறந்தவரு. 1972ல இத ஆராய காசு குடுங்கன்னு அமெரிக்காவுல எழுதிக் கேட்டு, ரொம்ப சுலபமா இருக்குன்னு தள்ளிட்டாங்க. விடாம செஞ்சு, நடராஜன், கே.ஆர். ராவ் ரெண்டு பேரோட சேந்து 1974 ஜனவரில பேப்பரா போட்டாரு. ராவ் நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டில படிச்சவரு, 2021ல காலமாயிட்டாரு. ஜேபெக் படத்துல இருந்து அன்னைக்கு நான் போட்ட விசிடி வரைக்கும் எல்லாத்துக்குள்ளயும் அந்தப் பேப்பர்தான் உக்காந்திருக்கு. சுலபமா இருக்குன்னு யாராச்சும் உங்க ஐடியாவ தள்ளுனா இவங்கள நெனச்சுக்கங்க.

மூணாவது ஆளு கொஞ்சம் விசித்திரம், எங்க கம்பெனிக்கு நேர் போட்டிக் கம்பெனிக்காரரு. 2011 ஜனவரி, எச்.265 மீட்டிங், தென்கொரியாவுல டேகு, டவுன்ஹால் ரோட்ல வாங்குன ஸ்வெட்டர போட்டுக்கிட்டு அந்தக் குளிர்ல போய் இறங்குனேன், காது ரெண்டும் என்னுதான்னு தொட்டுப் பாத்துக்க வேண்டியிருந்துச்சு. கையில என் முதல் புரபோசல். 0.8 பெர்சென்ட் பிட் மிச்சம்னு பெருமையா எழுதியிருந்தேன் (சிரிக்காதீங்க, எங்க தொழில்ல 0.8ங்கிறது பெரிய அமவுண்டு). எங்க வழக்கம் என்னன்னா, ஒருத்தரு சொன்ன கணக்க வேற கம்பெனி ஆளு தன் மிஷின்ல ஓட்டி சரிதான்னு சொல்லணும், அதுக்குப் பேரு கிராஸ் செக். அவரு ஓட்டிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு ஹோட்டல் ரூமுக்கு போன் பண்ணாரு, "உங்க கோடுல ஒரு பக் இருக்கு, விரிச்சுக் காட்டுற டீகோடருக்குத் தெரியாத ஒண்ண சுருக்குற என்கோடர் பாத்துக்கிட்டு இருக்கு, அத எடுத்தா மிச்சம் 0.1தான்." காலைல நூத்துக்கணக்கான பேர் முன்னாடி சொல்லி என் மானத்த வாங்கியிருக்கலாம், போட்டிக் கம்பெனிக்கு லாபமும் கூட. செய்யல. நானே எந்திரிச்சு புரபோசல வாபஸ் வாங்குனேன், வயித்தக் கலக்குச்சு, ஆனா அடுத்த தடவை நான் பேசுனப்ப ஆளுங்க நம்புனாங்க. அந்த ஒன்றரை வரி அந்த நம்பிக்கைல வந்ததுதான்.

நாலாவது, பக்கத்து வீட்டு பவர்லூம் அண்ணே. 2012 ஞாபகம் இருக்கா, கரண்டு எப்ப வரும்னு தெரியாது, வந்தா எப்ப போகும்னும் தெரியாது. அப்பாவுக்கு முடியாம நான் லீவுல இங்க கெடக்கேன், அக்டோபர்ல ஷாங்காய் மீட்டிங், இந்தத் தடவை கிராஸ் செக் என் தலைல. டெஸ்ட் ஓடுறது பெங்களூர் சர்வர்ல, ஆனா எது விழுந்துச்சுன்னு பாத்து எழுப்பி விட இங்க மோடத்துக்கு கரண்டு வேணுமே. ஒரு வீடியோவ நாலு தரத்துல ஓட்டணும், ஒவ்வொண்ணும் மணிக்கணக்கா இழுக்கும், அந்த மாதிரி இருபது வீடியோ. அண்ணே தறிய நிறுத்திட்டாரு, டீசலுக்குக் கட்டுப்படியாகலன்னு, ஆனா ராத்திரி ஒரு மணி நேரம் ஜெனரேட்டர போட்டு எனக்கு ஒரு ஒயர இழுத்து விட்டாரு. காசு குடுக்கப் போனா, "உன் தறியாச்சும் ஓடட்டும்டா"ன்னாரு. அவருக்கு இது என்ன தொழில்னு இன்னைய வரைக்கும் தெரியாது, எனக்கும் அவருக்குப் புரியுற மாதிரி சொல்லத் தெரியல.

வீட்டம்மா தன்னப் பத்தி எழுதக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. வருஷத்துக்கு நாலு மீட்டிங், ஒவ்வொண்ணும் பத்து நாளு, வீட்ல ரெண்டு வாலுங்க. நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

கடைசியா அத்தை. எம்.இ. ஃபீஸுக்கு ஒரு பேங்க்ல லோன் கேட்டு நாலு மாசம் நடந்தேன், ஜாமீனுக்கு ஆள் இல்லன்னு கடைசில ஃபார்மையே தொலைச்சுட்டாங்க. அத்தை ஒண்ணுமே பேசல, மறுநாள் கழுத்துல மஞ்சக்கயிறு மட்டும்தான் இருந்துச்சு, சங்கிலி அடகுக்கடைல. அந்த அத்தை பொண்ணு கல்யாண விசிடியத்தான் நான் முதமுதல்ல போட்டது. அத்தை ஆசையா சின்னாளப்பட்டி சுங்குடி கட்டியிருந்தாங்க, மெரூன்ல வெள்ளைப் புள்ளி. டிவில போட்டா வெறும் மெரூன். "ஏன்டா, என் சேலைல ஒத்தப் புள்ளியக் காணோமே?" சாரோட கணக்குப்படி அந்தப் புள்ளிதான் சில்லறை, மூணு ரூபாய விடுண்ணேன்னு நான்தான் விட்டுட்டேன். முடிச்சு முடிச்சா ஒரு பொம்பள உக்காந்து கட்டுன புள்ளி.

2020 மே மாசம் ஊரடங்கு, மீனாட்சி கல்யாணத்துக்கு ஆளுங்கள விடல, நெட்ல லைவ் போட்டாங்க. ஊரே போனுக்கு முன்னாடி உக்காந்துச்சு. அத்தை குளிச்சு, அதே மெரூன் சுங்குடிய பொட்டிக்குள்ள இருந்து எடுத்துக் கட்டிக்கிட்டு, புது மஞ்சக்கயிற தட்டுல வச்சுக்கிட்டு என் போன் முன்னாடி வந்து உக்காந்தாங்க. மங்கல நாண் பூட்டுற நேரம் பூவ அள்ளிப் போட்டாங்க, எனக்கு வயித்துல புளி கரையுது, பூவும் தண்ணி மாதிரிதான, எங்கயாச்சும் உடையுதா, கட்டம் தெரியுதான்னு போன புடுங்கி மூக்குக்கிட்ட வச்சுப் பாக்குறேன். பொட்டுன்னு தலைல ஒரு அடி.

"எட்டப் போடா கிறுக்கா, சாமி மறைக்குது."