ஜிடிஓவை என்ன செய்வது: கயலுக்கு

அன்புள்ள கயல் கண்ணு,

நம் பழைய பான்டியாக் ஜிடிஓ காரைப் புதுப்பிக்க ஆகும் செலவு என்று நீ அனுப்பிய எக்செல் கணக்கை நானும் அம்மாவும் உட்கார்ந்து பார்த்தோம். டிங்கரிங், பெயின்ட், வயரிங், சீட், குரோம் என்று பட்டறைக்காரர்கள் சொன்ன தொகையைத் தனித்தனியாகப் போட்டிருக்கிறாய். நல்ல வேலை. கீழே, "மூன்று வருஷத்தில் எப்படியாவது முடித்துவிடலாம்ப்பா, விற்க வேண்டாம்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய் அல்லவா, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் அரைகுறையாகப் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரை விற்றுவிடலாம். ஆனால் இப்போது கிடக்கிற மாதிரி, உடம்பு ஒரு பக்கம், சேஸிஸ் ஒரு பக்கம், மிச்சமெல்லாம் அட்டைப்பெட்டியில் என்று விற்கக் கூடாது. ஜூன் மாதம் நீ ஒரு வாரம் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அதைச் சக்கரத்தில் நிற்கிற, என்ஜின் ஓடுகிற வண்டியாக ஆக்கிவிடலாம். அதற்கப்புறம், தகர வேலை தெரிந்த ஒருவர் கையில் கொடுக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஏன் என்று விளக்குகிறேன்.

முதலில் நம்மிடம் இருப்பது என்ன என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். விண்ட்ஷீல்டுக்குக் கீழே உள்ள எண் 242379 என்று தொடங்கி, அடுத்து பி என்ற எழுத்து வரும். 2 என்றால் பான்டியாக், 42 என்றால் ஜிடிஓ, 37 என்றால் இரண்டு கதவு ஹார்ட்டாப், 9 என்றால் 1969 மாடல், பி என்றால் பான்டியாக் நகரத்துத் தொழிற்சாலை. நாம் பராசக்தி கோயிலுக்குப் போகிற அதே பான்டியாக். 1964, 65 வண்டிகளில் ஜிடிஓ என்பது லெமான்ஸ் காருக்கு மேலே வாங்கிக்கொள்ளும் ஒரு கூடுதல் தொகுப்புதான், அதனால் எண்ணை வைத்து மட்டும் அசலா என்று சொல்ல முடியாது. 1966 முதல் 1971 வரை 242 இருந்தால் அசல். நம்முடையது அசல். எதிர்வீட்டுத் தாத்தா நம்மிடம் கொடுக்கும்போது சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

ஆனால் அசல் என்பதும் அரிது என்பதும் வேறு வேறு. 1969-இல் 72,000-க்கு மேல் ஜிடிஓக்கள் செய்தார்கள். அதில் ஜட்ஜ் என்ற தனி வகை 7,000-க்கும் குறைவு. பெரிய ஏலங்களில் நீ பார்க்கிற தொகையெல்லாம் ஜட்ஜுக்கும், ராம் ஏர் 4 என்ற சக்தி கூடிய என்ஜின் வைத்த வண்டிக்கும், கன்வர்ட்டிபிளுக்கும் கிடைப்பது. நம்முடையது சாதாரண 400 கன அங்குல என்ஜின், ஆட்டோமேட்டிக் கியர், வினைல் கூரை. உன் கணக்கில் கடைசிக் கட்டத்தில் 'முடித்த பிறகு மதிப்பு' என்று நீ போட்டிருக்கும் தொகை ஜட்ஜின் விலை, கண்ணு. அதை மாற்றிப் போட்டுப் பார். பட்டறைக்குக் கொடுக்கும் பணத்தைக் கார் திருப்பித் தராது.

இன்னொன்று, என்ஜின். 1968 முதல் என்ஜின் பிளாக்கிலும் காரின் எண்ணில் ஒரு பகுதியைக் குத்தியிருப்பார்கள், இரண்டும் பொருந்தினால்தான் வாங்குகிறவர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். நம் பிளாக் எழுபதுகளில் வந்த வேறொரு பான்டியாக்கினுடையது. தாத்தா காயலாங்கடையிலிருந்து எடுத்து வந்தார். பான்டியாக்கின் வி8 என்ஜின்களில் 326 ஆகட்டும், 455 ஆகட்டும், வெளியளவு ஒன்றுதான், எதை எடுத்தாலும் இடத்தில் உட்காரும். அதனால் நமக்கு வேலை சுலபமாக இருந்தது. விலை பேசும்போது மட்டும் அது குறைதான். அதை மறைக்காமல் சொல்லித்தான் விற்க வேண்டும்.

அந்த என்ஜினை நீ எப்படிச் செய்தாய் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிலிண்டர்களைக் கடைந்து போர் எடுத்து வந்த பிறகு ஒவ்வொரு பிஸ்டன் ரிங்கின் வாய் இடைவெளியையும் ஃபீலர் கேஜ் வைத்து அளந்து நோட்டில் எழுதினாய். பீளமேட்டில் வார்ப்படப் பட்டறையில் நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில், அளந்து எழுதாமல் அடுத்த வேலைக்குப் போனால் மேஸ்திரி விடமாட்டார். உனக்கு அதை யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சேஸிஸ், முன் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், பின் ஆக்சில் எல்லாமே அப்படித்தான். அந்த வண்டியில் முடிந்திருக்கிற வேலை எல்லாம் முதல்தரமான வேலை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வாங்க வருகிறவர் டார்ச் அடித்துப் பார்த்தால் அவரும் இதையேதான் சொல்வார்.

மிச்சம் இருப்பது எல்லாம் தகர வேலை. அதுதான் இங்கே முழு விஷயமும்.

வினைல் கூரைக்கு அடியில் தண்ணீர் தங்கி, பின்கண்ணாடியைச் சுற்றித் துரு பிடித்து, அங்கிருந்து டிக்கிக்குள் இறங்கியிருக்கிறது. டிக்கித் தரை போய்விட்டது. பின்சக்கரத்துக்கு மேலே வருகிற பக்கத் தகடுகள் இரண்டுமே மாற்ற வேண்டியவை. மிச்சிகன் குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு மிச்சத்தைத் தின்றிருக்கிறது. புதுத் தகடுகள் கிடைக்கின்றன, விலையும் பரவாயில்லை. ஆனால் அவை சொன்ன இடத்தில் அப்படியே உட்காராது. வெட்டி, வளைத்து, ஒட்டிப் பார்த்து, கதவு மூடித் திறந்து பார்த்து, மறுபடி வளைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் சூடு ஏற்றினால் நீளமான தகடு நெளிந்துவிடும். அப்புறம் பட்டி, தேய்ப்பு, மறுபடி பட்டி. இது பொருள்செலவு அல்ல, மணிக்கணக்கான கைவேலை. பட்டறையில் அந்த ஒவ்வொரு மணிக்கும் கூலி உண்டு. உன் கணக்கில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரிதான் சாப்பிடுகிறது.

எனக்கு இந்த வேலை வராது. வார்ப்படம், லேத், என்ஜின் என்றால் சரி. டிங்கரிங் தனிக் கலை, பத்து வருஷம் சுத்தியலோடு இருந்தவர்களுக்குத்தான் கை பேசும். நீயும் அந்தப் பக்கம் போனதில்லை. ஆக, நம் இரண்டு பேர் கைக்கும் பொருந்துகிற வேலை இந்த வண்டியில் முடிந்துவிட்டது. மீதியை நாம் காசு கொடுத்து வாங்க வேண்டும். தகர வேலை தெரிந்தவருக்கோ அந்த மீதி இலவசம், அவருடைய ஓய்வுநேரம் மட்டும்தான் செலவு. அவருக்கு வராத என்ஜின் வேலை ஏற்கெனவே நன்றாக முடிந்து கிடைக்கும். நமக்கு நஷ்டக் கணக்காகிற அதே கார் அவருக்கு லாபக் கணக்கு. அப்படிப்பட்டவரைத் தேடுவதுதான் நம் வேலை.

மாப்பிள்ளை எலெக்ட்ரிக் மோட்டார் வைக்கலாமா என்று கேட்டாராம். யோசனை தப்பில்லை. அசல் என்ஜின் இல்லாத வண்டி என்பதால் சரித்திரம் எதுவும் கெடாது. ஆனால் எந்த மோட்டார் வைத்தாலும் பின்தகடு இரண்டும் மாற்றத்தான் வேண்டும், டிக்கிக்குத் தரை போடத்தான் வேண்டும் என்று அவரிடம் சொல்.

பிரித்து விற்கச் சொல்லி இங்கே ஒன்றிரண்டு பேர் ஆலோசனை சொன்னார்கள். பானெட்டுக்கு மேலே இருக்கிற டேக்கோமீட்டர், முன்பக்க எண்டூரா பம்பர் இரண்டுக்கும் தனியாக நல்ல விலை வருமாம். வரட்டும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். 1968-இல் அந்த பம்பர் வந்தபோது ஊரே வியந்தது. இரும்பு பம்பர் தெரியாமல், காரின் நிறத்திலேயே, இடித்தால் அமுங்கி மீளும் மூக்கு. அந்த வருஷம் மோட்டார் டிரெண்ட் பத்திரிகை ஜிடிஓவுக்குத்தான் ஆண்டின் சிறந்த கார் விருது கொடுத்தது. பெரிய என்ஜினை நடுத்தரக் காரில் வைக்கக் கூடாது என்று ஜிஎம் தலைமை வரம்பு போட்டிருந்த நேரத்தில், 389 கன அங்குல என்ஜினை 'ஆப்ஷன்' என்று காகிதத்தில் எழுதி 1964-இல் வெளியே கொண்டுவந்தவர்கள் செய்த வண்டி அது. ராயல் ஓக்கில் ராயல் பான்டியாக் என்ற டீலர் அந்த என்ஜின்களைக் கூர்தீட்டிக் கொடுக்க, பையன்கள் உட்வர்ட் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். இப்போது பான்டியாக் என்ற பிராண்டே இல்லை. அந்தப் பெயரோடு முழுதாக நிற்கிற வண்டிகளில் ஒன்றை எண்ணெய்ச்சட்டி, கதவு, கண்ணாடி என்று கூறுபோட்டு நம் வீட்டிலிருந்து அனுப்பக் கூடாது.

அப்படியானால் எப்படி விற்பது? உடம்பை முதலில் சேஸிஸில் உட்கார வைக்க வேண்டும். இது வெறும் அழகுக்காக இல்லை. பின்தகடு வெல்டிங் வைக்கும்போது உடம்பு சேஸிஸில் போல்ட் போட்டு நிற்க வேண்டும், கதவுகளும் மாட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் கதவு இடுக்கு கோணலாகிவிடும், பிறகு திருத்த முடியாது. வாங்குகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலையை நாம் முடித்துக் கொடுக்கிறோம். உருளும் வண்டி என்றால் டிரெய்லரில் ஏற்றுவதும் சுலபம். எல்லாவற்றையும் விட, ஒரு வண்டி முழுதாக நின்றால் எது இருக்கிறது, எது இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். பெட்டிகளாக இருந்தால், பாதி சாமான் காணோம் என்ற சந்தேகத்திலேயே விலையைக் குறைப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, நானும் அப்படித்தான் கேட்பேன்.

அப்புறம் என்ஜின். நீ சியாட்டில் போனதிலிருந்து சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு அவ்வப்போது கையால் சுற்றிக்கொண்டு வருகிறேன், இறுகவில்லை. ஆனால் அது புதுக் கேம்ஷாஃப்ட், இன்னும் ஒருமுறைகூடக் கிளப்பாதது. முதல்தடவை கிளப்பியதும் ஐடிலில் விடக் கூடாது. 2,000 சுற்றுக்கு மேல் இருபது நிமிஷம் ஓட வேண்டும், துத்தநாகம் கூடுதலாக உள்ள எண்ணெய் வேண்டும். இல்லையென்றால் கேமும் லிஃப்டரும் அந்த முதல் ஓட்டத்திலேயே தேய்ந்துபோகும். கிளப்புவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக டிரில் வைத்து எண்ணெய் பம்பைச் சுற்றி அழுத்தம் ஏற்ற வேண்டும். இதை வாங்குகிறவர் அவசரத்தில் செய்து கெடுத்துக்கொள்ளக் கூடாது. செய்தவள் நீ, நீயே கிளப்பிக் கொடு. 1969-இல்தான் ஜிஎம் சாவித்துளையை டேஷ்போர்டிலிருந்து ஸ்டீயரிங் தண்டுக்கு மாற்றியது, புது வயரிங்கில் அந்தக் கனெக்டரை மட்டும் நான் இப்போதே சரிபார்த்து வைக்கிறேன்.

பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸிலிருந்து நம் காரின் ஆலை ரசீது நகலுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தக் கார் ஆலையைவிட்டு எந்தெந்தச் சாமானோடு வெளியேறியது என்பது அதில் இருக்கும். உன் அளவு நோட்டையும் அதோடு சேர்த்துக் கொடுத்தால், வாங்குகிறவருக்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.

சாகினா பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து பார்த்துவிட்டுப் போனார். உன்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். டிங்கர் பட்டறையில் வேலை, அப்பாவும் அதே தொழிலாம். வந்தவர் என்ஜின் பக்கம் அதிகம் போகவில்லை. நேராகப் பின்கண்ணாடிக்குக் கீழே விரல் விட்டுத் தடவிப் பார்த்தார், டிக்கிக்குள் படுத்துக்கொண்டு சக்கரக்கூட்டின் உள்தகட்டைத் தட்டிப் பார்த்தார். "உள்தகடு காப்பாற்றிவிடலாம், வெளித்தகடு மட்டும் போதும்" என்றார். நமக்கு யாருமே இதுவரை சொல்லாத விஷயம் அது. விலை பேசவில்லை, என் மகள் முடிவு சொல்லட்டும் என்றேன். எனக்கு அவரை மிகவும் பிடித்தது.

நீ அதை விற்க மனம் வராமல் இருப்பது எனக்காகவும்தான் என்று அம்மா சொல்கிறாள். அப்படி இருந்தால், எனக்காக வேண்டாம். நீ ஹைஸ்கூல் படித்த அந்த வருஷங்களில் கராஜில் உன்னோடு இருந்தது என் வாழ்க்கையிலேயே எனக்கு மிகவும் பிடித்த காலம். அந்தச் சந்தோஷம் எனக்கு முழுதாகக் கிடைத்துவிட்டது, அதற்குக் கார் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. இப்போது உன் கையில் ஒரு வயதுகூட ஆகாத குழந்தை. அடுத்த மூன்று வருஷம் வரும் சேமிப்பைச் சியாட்டிலில் ஒரு வீட்டுக்கு முன்பணமாகச் சேர்ப்பதா, தகரத்துக்குக் கூலியாகக் கொடுப்பதா என்று கேட்டால், நான் என்ன சொல்வேன் என்பது உனக்கே தெரியும். அம்மாவின் முழங்காலுக்கு இந்த மாடிப்படி இனி ஒத்துவராது, அடுத்த வருஷம் நாங்களும் சின்ன வீட்டுக்கு மாறப் பார்க்கிறோம். ஆனால் இந்த கராஜ் நூறு வருஷம் நம்மிடம் இருந்தாலும் நான் இதையேதான் சொல்வேன்.

இல்லை, நானே டிங்கர் வேலை கற்றுக்கொள்கிறேன், அதுதான் ஆசை என்று நீ சொன்னால் கதை வேறு. அப்படியானால் வாடகை ஷெட் பிடித்தாவது வைத்திருக்கலாம், என்னால் ஆன உதவியும் செய்கிறேன். பட்டறைக்குக் காசு கொடுத்து முடிக்கிற திட்டத்துக்கு மட்டும்தான் வேண்டாம் என்கிறேன். நன்றாக யோசித்துச் சொல், அவசரமில்லை.

விற்பதாக முடிவானால், காரின் உரிமைப் பத்திரமான டைட்டில் உன் பெயரில் இருக்கிறது, பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். வாங்குகிறவர் பெயர், விலை, தேதி மூன்றும் உறுதியான பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும், வெற்றாகப் போட்டுவிடாதே. என்ஜின் தூக்குகிற கிரேனை வாடகைக்கு முன்பதிவு செய்ய வேண்டும், உடம்பை இறக்க நாலு பேரையும் சொல்லி வைக்க வேண்டும். அதனால் ஜூனில் எந்த வாரம் தோதுப்படும் என்று மாப்பிள்ளையிடமும் கேட்டு எழுது. குழந்தைக்குக் காதை மூடுகிற ஹெட்போன் ஒன்று வாங்கி வா, சைலென்சர் இன்னும் மாட்டவில்லை.

அன்புடன்,
அப்பா