குண்ட்ராடாவின் தந்தை பெயரை நீக்குங்கள்: பொது வம்ச மரங்களைப் பராமரிப்போருக்கு

அன்புடையீர்,

பின்னாளில் சர்ரேயின் முதல் ஏர்ல் ஆன வில்லியம் டி வாரனின் மனைவி குண்ட்ராடா 1085-இல் இறந்தார். இணையத்தில் நீங்கள் பராமரிக்கும் மரங்கள் பலவற்றில் அவர் இன்னமும் இங்கிலாந்தின் முதலாம் வில்லியம் மன்னரின் மகளாக இருக்கிறார். சிலவற்றில் அம்மன்னரின் மனைவி அரசி மட்டில்டாவின் முந்தைய மணத்தில் பிறந்தவராக. இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

அரச ரத்தம் என்ற பேச்சு, வாரன் தம்பதியர் இங்கிலாந்தில் நிறுவிய லூயிஸ் மடாலயத்தின் ஆவணங்களிலிருந்து வந்தது. மட்டில்டாவை "என் மனைவியின் தாய்" என்னும் வாரனின் சாசனம் 15-ஆம் நூற்றாண்டுப் படியில்தான் கிடைக்கிறது. மன்னரின் வால்டன் நிலக்கொடைச் சாசனத்தில் "என் மகள்" என்ற சொற்கள் பிற்காலச் செருகல். சாசனம் தனக்குச் சொல்லிக்கொள்ளும் காலத்தை நம்பாதீர்கள். கையிலிருக்கும் படி எப்போது எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

வழக்கைத் தீர்ப்பது ஒரு கடிதம். முதலாம் வில்லியமின் மகனான மன்னர் முதலாம் ஹென்றி தன் மகள் ஒருத்தியைக் குண்ட்ராடாவின் மகனுக்குக் கொடுக்க நினைத்தபோது, கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம் உறவுமுறை காட்டிக் கடிதம் எழுதித் தடுத்தார். பொது மூதாதையரிலிருந்து ஒருவர் நான்காம் தலைமுறை, மற்றவர் ஆறாம் தலைமுறை என்பது அவர் கணக்கு. குண்ட்ராடா ஹென்றியின் சகோதரி என்றால் மாப்பிள்ளை பெண்ணுக்கு அத்தை மகன். இரு பக்கமும் இரண்டே தலைமுறை. நமக்கு அது முறை, அன்றைய திருச்சபைக்கோ முழு விலக்கு. இவ்வளவு நெருங்கிய தடையை விட்டுவிட்டுத் தொலைதூர உறவை ஆன்செல்ம் தேடியிருப்பாரா? தாய் மட்டும் பொது என்றாலும் கணக்கு மாறாது; மட்டில்டா வாதமும் இங்கேயே விழுகிறது.

12-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய குண்ட்ராடாவின் கல்லறைப் பலகை இப்போது லூயிஸின் சவுத்ஓவர் தேவாலயத்தில் உள்ளது. அதன் லத்தீன் பாடல் அவரை டியூக்குகளின் குலக்கொழுந்து என்கிறது, அரசன் மகள் என்று சொல்லவில்லை.

எதைப் பதிவது? குண்ட்ராடாவைச் செஸ்டரின் ஏர்லாக இருந்த ஃபிளாண்டர்ஸ்காரர் ஜெர்பாடின் சகோதரி என்று இடைக்கால வரலாற்றாசிரியர் ஆர்டெரிக் விட்டாலிஸ் எழுதுகிறார். ஃபிரெடரிக் என்ற இன்னொரு சகோதரரை ஹைடு குறிப்பேடு என்னும் இடைக்கால வரலாற்று நூல் தருகிறது. மூவரையும் உடன்பிறந்தோராக இணையுங்கள். தந்தையும் ஜெர்பாட் என்ற பெயருள்ள, ஃபிளாண்டர்ஸின் செயின்ட் பெர்டின் மடத்துக்குப் பாதுகாவலராக இருந்த பிரபுவாக இருக்கலாம். அதை 'ஊகம்' என்ற குறிப்போடு மட்டும் வையுங்கள். தாய்க்கான இடம் காலியாகவே இருக்கட்டும். மாற்றியபின் ஆன்செல்ம் கடிதத்தைச் சான்றாக அந்தப் பக்கத்திலேயே சேருங்கள். காரணம் இல்லாத வெற்றிடத்தைப் பார்க்கும் அடுத்த பயனர், பழைய மரமொன்றை இறக்கி மன்னரை மறுபடி ஒட்டிவிடுவார்.